குமரி மாவட்டத்தில் எரிநட்சத்திரப் பொழிவு பார்க்க ஒரு வழிகாட்டி

“இன்று இரவு எரிநட்சத்திர மழை” என்று செய்தி வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றையும் காணோமே என்று இறங்கி வருபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அந்தச் செய்திகளில் பாதிக்கு மேல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டு, அப்படியே இங்கே வந்து சேர்பவை. அவர்கள் நிலநடுக்கோட்டிலிருந்து 40, 50 டிகிரி வடக்கே இருக்கிறார்கள். நாம் இருப்பது 8 டிகிரியில். ஆகஸ்ட் மாதம் அவர்களுக்குத் தெளிந்த கோடை, நமக்கு மழைக்காலம். ஆகவே குமரி மாவட்டத்துக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தொலைநோக்கி வேண்டாம், கேமரா வேண்டாம். வெறும் கண் போதும்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: வால்நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றி வரும்போது தூசியையும் சிறு துணுக்குகளையும் தங்கள் பாதையில் விட்டுச் செல்கின்றன. ஆண்டுதோறும் அதே நாட்களில் பூமி அந்தப் பாதையைக் கடக்கிறது. துணுக்குகள் நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்து, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து ஒளிர்கின்றன. எல்லாம் வானில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். அதற்கு ஊற்றுப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி நம் வானில் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு எண்ணிக்கை கூடும். குமரிக்கான கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி: நமக்கு ஏற்ற பொழிவைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் பேசுவது ஆகஸ்ட் 12, 13-ல் வரும் பெர்சீட்ஸ். அதன் ஊற்றுப்புள்ளி வட வானில் வெகு தூரத்தில் இருக்கிறது. நம் ஊரில் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அது எழும். விடியும்போதுகூட 40 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அதோடு தென்மேற்குப் பருவமழை மேகமும் சேர்ந்தால் கையில் கிடைப்பது கொஞ்சம்தான். பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் தடவை பார்க்கப் போகிறவர் அதை நம்பி இறங்க வேண்டாம் என்கிறேன். ஜனவரி 3, 4-ல் வரும் குவாட்ரன்டிட்ஸும் வடக்கத்திப் பொழிவுதான். அதன் உச்சம் சில மணி நேரமே நீடிக்கும். அந்தச் சில மணி நேரம் நம் இரவில் விழுமா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிசம்பர் 22-ஐ ஒட்டி வரும் அர்சிட்ஸை நாம் மறந்துவிடலாம்.

நமக்கென்றே அமைந்தவை இரண்டு.

ஒன்று, டிசம்பர் 13, 14-ல் வரும் ஜெமினிட்ஸ். ஆண்டின் மிகச் செழிப்பான பொழிவு இதுதான். இதற்கு மூலம் வால்நட்சத்திரம் அல்ல; 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள். இதன் ஊற்றுப்புள்ளி புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணி சுமாருக்கு வடகிழக்கில் எழுந்து, அதிகாலை இரண்டரை மணிக்கு முன் ஏறத்தாழ 65 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். விடியும்வரை இறங்கி மறையாது. வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டர்தான். எரிநட்சத்திரங்களில் இது நிதானமான ரகம். “அதோ!” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரும் திரும்பிப் பார்த்துவிட நேரம் இருக்கும். குழந்தைகளோடு பார்க்க இதைவிட நல்லது கிடையாது.

இன்னொன்று, மே 5, 6-ஐ ஒட்டி வரும் ஈட்டா அக்வாரிட்ஸ். இது ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசி. ஊற்றுப்புள்ளி வான நடுக்கோட்டுக்கு, அதாவது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு அருகில் இருப்பதால், லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவரைவிட நாம் இதை நன்றாகப் பார்க்கலாம். நம் ஊரில் இரண்டு மணி வாக்கில் கிழக்கே எழும். மூன்றிலிருந்து நாலே முக்கால் வரை நல்ல நேரம். அதற்குப் பிறகு வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். எண்ணிக்கை குறைவு, ஆனால் நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகம். கோடு கிழித்ததுபோல ஓடி, பல சமயம் ஓடிய தடத்தில் சில நொடி ஒளிப்புகை நிற்கும். ஹாலியின் தூசியே அக்டோபர் 21-ஐ ஒட்டி ஒரியானிட்ஸ் என்ற பெயரில் இன்னொரு முறை வருகிறது. ஆனால் அது நம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகினால் கூடுதல் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. “மணிக்கு 150” என்று செய்தியில் வருவது, ஊற்றுப்புள்ளி நேர் உச்சியில் நின்று, வானம் அப்பழுக்கில்லாத இருட்டாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. ஜெமினிட்ஸ் உச்ச இரவில் நம் மாவட்டத்தின் ஓரளவு இருட்டான இடத்தில் மணிக்கு முப்பது பார்த்தால் நல்ல இரவு. நாகர்கோவிலுக்குள் மாடியில் இருந்தால் பத்துப் பன்னிரண்டு. ஈட்டா அக்வாரிட்ஸ் நல்ல இடத்தில் மணிக்குப் பத்து. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாம் படி: வீட்டுக் காலண்டரில் திதி பாருங்கள்

நிலா வானில் இருந்தால் மங்கலான எரிநட்சத்திரங்கள் அத்தனையும் போய்விடும். இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவு சுமாருக்கு மறையும். தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவு சுமாருக்கு உதிக்கும். அங்கிருந்து ஒரு திதிக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆக, விடியற்காலையில் பார்க்கும் ஈட்டா அக்வாரிட்ஸுக்கு வளர்பிறை தசமி வரை நிலா தொந்தரவே இல்லை. தேய்பிறையில் துவாதசிக்குப் பிறகு வருவது மெல்லிய பிறை, அதுவும் பரவாயில்லை. பௌர்ணமி முதல் தேய்பிறை தசமி வரைதான் கெட்ட காலம்.

இந்தக் கணக்கில் 2026 டிசம்பர் நமக்கு அருமையாக அமைகிறது. அமாவாசை 9-ம் தேதியை ஒட்டி முடிந்துவிடுவதால் 13, 14 இரண்டு இரவும் இளம்பிறைதான். பதினொரு மணிக்குள் அது மேற்கே இறங்கிவிடும், அதன் பிறகு விடியும்வரை இருட்டு. 2027 மே 6 அமாவாசையே. ஈட்டா அக்வாரிட்ஸுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. 2027 டிசம்பரில் ஜெமினிட்ஸ் பௌர்ணமியோடு வந்து மோதுகிறது. அந்த ஆண்டு பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: மேகம்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. தண்ணீருக்கு அது வரம், வானம் பார்ப்பவருக்குச் சோதனை. ஆனால் ஒரே இரவில் மாவட்டம் முழுக்க ஒரே வானம் இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மேற்கிலிருந்து வந்து மலைச்சரிவில் குவியும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே காற்று மட்டும் அடித்துக்கொண்டு வானம் திறந்திருப்பது உண்டு. டிசம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏதும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம். தாழ்வு கடந்துபோன மறுநாள் இரவுகள்தான் தங்கம்: மழை தூசியைக் கழுவியிருக்கும், வடக்கிலிருந்து வறண்ட காற்று வரும், நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரியும். மே மாதத்தில் மாலையில் இடி மழை வந்தாலும் மனம் தளர வேண்டாம். மலையோரம் கட்டிய மேகம் நள்ளிரவுக்குப் பிறகு பெரும்பாலும் கலைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது மூன்று மணிக்கு மேல்தானே.

மூன்று நாள் முன்பிருந்தே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவாருங்கள். ஒரு படத்தை மட்டும் பார்க்காமல், அடுத்தடுத்து வந்த நாலைந்து படங்களைப் பார்த்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிக்க வேண்டும். இரவில் அகச்சிவப்புப் படம்தான் வரும். அதில் உயர மேகம் பளிச்சென்று தெரியும். தாழ்வான மேகம் தரையின் வெப்பத்தோடு ஒட்டி மறைந்துகொள்ளும். அதனால் படம் தெளிவாக இருந்தாலும் கிளம்புமுன் வாசலுக்கு வந்து ஒருமுறை மேலே பாருங்கள்.

நான்காம் படி: இடம்

அதிக யோசனை வேண்டியது இங்கேதான். நம் மாவட்டத்தில் ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடமே தெரியாது. முழு இருட்டு என்று ஒன்று சமவெளியில் கிடையாது. அதனால் இருட்டான ஊரைத் தேடி அலைவதைவிட, நகரத்து வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்கார ஓர் இடம் தேடுங்கள். எரிநட்சத்திரம் ஊற்றுப்புள்ளியில் மட்டும் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வானம் முழுக்கத் தெரியும். சொல்லப்போனால் ஊற்றுப்புள்ளியிலிருந்து தள்ளிப் பார்த்தால்தான் நீளமான கோடுகள் கிடைக்கும். ஆகவே ஜெமினிட்ஸ் வடகிழக்கில் எழுந்தாலும், தெற்குப் பார்த்துப் படுத்து உச்சி வானத்தைப் பார்க்கலாம்.

இந்த வகையில் மணக்குடியிலிருந்து முட்டம் வரையிலான கடற்கரை நல்ல தேர்வு. சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம் பக்கம் நாகர்கோவில் வெளிச்சம் வடக்கே முதுகுப் பக்கம் போய்விடும், முன்னால் கடல். கடலிலும் படகு விளக்குகள் இருக்கும், ஆனால் அவை தொடுவானத்தோடு நின்றுவிடும். கடற்கரையின் நுழைவாயிலில் ஹைமாஸ்ட் விளக்கு இருந்தால் அங்கே நிற்காதீர்கள். தென்னந்தோப்போ ஒரு மதில் சுவரோ அந்த விளக்கை மறைக்கும் இடம்வரை நடந்து போங்கள்.

ஈட்டா அக்வாரிட்ஸுக்கு வட்டக்கோட்டைப் பக்கத்துக் கிழக்குக் கரை இன்னும் பொருத்தம், ஏனென்றால் ஊற்றுப்புள்ளி நேரே கடலுக்கு மேல் எழும். கோட்டை மாலையே மூடிவிடும். அதைச் சுற்றியுள்ள கரையைத்தான் சொல்கிறேன். கடற்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு தோவாளை, பூதப்பாண்டி வட்டாரத்து வயல்வெளி இருக்கிறது. டிசம்பரில் கும்பப்பூ நெற்பயிர் நிற்கும். வரப்பில் படுக்காமல் களத்து மேட்டிலோ அகலமான சாலையோரத்திலோ இடம் பாருங்கள். வயலோரத்தில் பாம்பு உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு எரியும். அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, கீரிப்பாறைப் பக்கம் வானம் உண்மையிலேயே கருப்பாக இருக்கும். ஆனால் அது யானை நடமாடும் காடு. அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரவில் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். ரப்பர் தோட்டத்துக்குள் மரக்கூரை வானத்தை மறைத்துவிடும், அதனால் அங்கேயும் பயனில்லை. கன்னியாகுமரி ஊரைப் பற்றியும் கேட்பார்கள். வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, லாட்ஜ்கள் என்று எல்லாத் திசையிலும் விளக்கு. டிசம்பர் என்றால் ஐயப்ப சாமிகளின் சீசன் வேறு. சூரிய உதயத்துக்குப் போகும் இடம் அது, இதற்குப் போகும் இடம் இல்லை.

டிசம்பரில் இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த மாதம் பிறந்ததுமே வாசலுக்கு வாசல் கிறிஸ்மஸ் ஸ்டார், குடில், கோவில் கோபுரம் முழுக்க சீரியல் விளக்கு. கண்ணுக்கு அழகுதான், ஆனால் அக்டோபரில் இருட்டாக இருந்த கடற்கரை டிசம்பரில் அப்படி இருக்காது. ஆகவே இடத்தை முந்தின இரவோ அதற்கு முந்தின இரவோ போய்ப் பாருங்கள். பகலில் பார்த்து முடிவு செய்தால் விளக்கு எங்கே எரிகிறது என்று தெரியாது.

போன இடத்தில் வானம் எப்படி என்று அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. பத்து மணிக்கு மேல் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் இருட்டில் நின்ற பிறகு ஆறு நட்சத்திரத்தைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் நல்ல இடம். மூன்று நாலுதான் தெரிகிறது, மீதி மங்கலான திட்டு என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். கடற்கரையில் கூடுதலாக ஒரு சோதனை: தெற்கே அகத்தியர் நட்சத்திரத்தைத் தேடுங்கள். டிசம்பரில் பதினொரு மணிக்குத் தென்கிழக்குத் தெற்கில், கையை முழுக்க நீட்டி மூடிய முஷ்டியால் அளந்தால் இரண்டரை முஷ்டி, அதாவது சுமார் 25 டிகிரி உயரத்தில் வெண்மையாகப் பளபளக்க வேண்டும். அது மங்கிச் சோகையாகத் தெரிந்தால் உப்புக்காற்றின் புகைமூட்டம் அதிகம் என்று அர்த்தம். அன்று கரையை விட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போவது நல்லது.

எங்கும் போக முடியவில்லையா, சொந்த மொட்டை மாடியே போதும். தெருவிளக்கு இருக்கும் பக்கம் தண்ணீர்த் தொட்டி வரும்படி, அதன் நிழலுக்குள் பாயைப் போடுங்கள். படுத்ததும் எந்த விளக்கும் நேராகக் கண்ணில் படக் கூடாது. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே நகரத்து மாடியில் தெரியும் எண்ணிக்கை கூடும்.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். மே மாதம் என்பது கள்ளக்கடல் காலம். காற்றும் இல்லை, மழையும் இல்லை, தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பிய பேரலை திடீரென்று கரையேறும். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. ஈட்டா அக்வாரிட்ஸ் உச்சமும் இதே தேதிதான். ஆகவே கடல் நிலவரம் சொல்லும் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசு நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் கரைப்பக்கமே போக வேண்டாம். இல்லாத நாளிலும் ஈர மணலுக்கு மேலே, வெகு தள்ளிப் படுங்கள். முட்டத்துப் பாறைகளில் இரவில் ஏறவே கூடாது.

கடற்கரை என்பது அங்குள்ள மக்களின் வேலைக்களம். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் வள்ளம் இறக்குவார்கள். முன்மாலையிலேயே ஊரில் ஒருவரிடம், “அண்ணே, ராத்திரி வானம் பார்க்க இங்கே இருப்போம், தொந்தரவு இல்லையே?” என்று கேட்டுவிடுங்கள். வலை மேல் உட்காராதீர்கள், வள்ளம் போகும் வழியில் படுக்காதீர்கள். அந்தப் பேச்சிலேயே எந்த இடம் பத்திரம், எங்கே நாய்த் தொல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். நாலு பேராவது சேர்ந்து போவது நல்லது.

ஐந்தாம் படி: அன்றிரவு

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு தடவை போனைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். டார்ச் கண்ணாடியில் சிவப்பு செல்லோபேன் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டால் நடக்கவும் எழுதவும் போதும். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. வண்டியில் வந்தவர்கள் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் நிறுத்திவையுங்கள்.

நின்று பார்க்கக் கூடாது, படுத்துதான் பார்க்க வேண்டும். கீழே தார்ப்பாய், மேலே பாய், தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும். போர்வையும் காதை மூடும் துணியும் வேண்டும். கொசு மருந்தை மறக்க வேண்டாம். பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பியும் பையில் ஒரு சீப்பு மட்டிப்பழமும் இருந்தால் குழந்தைகளும் தூங்காமல் இருப்பார்கள்.

பார்வையை ஒரே நட்சத்திரத்தில் குத்தவிடாமல், வானத்தின் இருட்டான பகுதியை மொத்தமாகப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். எரிநட்சத்திரம் சீராக வருவதில்லை. பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது, அப்புறம் ஒரே நிமிடத்தில் மூன்று வரும். ஜெமினிட்ஸுக்குச் சீக்கிரம் போக முடிந்தவர்கள் எட்டரை, ஒன்பது மணியையும் விட வேண்டாம். ஊற்றுப்புள்ளி அப்போதுதான் தொடுவானத்துக்கு மேல் வந்திருக்கும்; துணுக்குகள் காற்றின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு வானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓடும். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்தவர் அடுத்த ஆண்டும் வருவார்.

விருப்பம் இருந்தால் எண்ணி எழுதுங்கள். எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எத்தனை தெரிந்தது, அதில் எத்தனை ஊற்றுப்புள்ளிப் பக்கமிருந்து வந்தவை, வானத்தில் எவ்வளவு பங்கு மேகம் என்று குறித்தால் போதும். சர்வதேச விண்கல் அமைப்பு இப்படி வெறும் கண்ணால் பார்த்த கணக்குகளை உலகம் முழுக்க இருந்து வாங்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் போன்ற ஊர்களில் இருந்து போகும் கணக்குக்கு அங்கே நல்ல வேலை உண்டு.

உச்ச இரவு மேகம் மூடிக்கொண்டால்

ஜெமினிட்ஸ் என்றால் முந்தின இரவைவிட, மறு இரவின் முன்பகுதியை நம்புங்கள். உச்சம் கடந்ததும் எண்ணிக்கை வேகமாகக் குறையும், ஆனால் பிந்தி வருபவை சற்றுப் பெரிய துணுக்குகள், பளிச்சென்று எரியும். ஈட்டா அக்வாரிட்ஸ் அப்படி இல்லை. உச்சத்துக்கு முன்னும் பின்னும் மூன்று நாலு நாள் கிட்டத்தட்ட அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். மே 3 முதல் 10 வரை எந்த விடியற்காலையில் வானம் திறந்திருக்கிறதோ அன்றே போகலாம். அலாரத்தை ஒரு வாரத்துக்கும் இரண்டரை மணிக்கு வைத்துவிடுங்கள். எழுந்து வாசலில் பார்த்து, மேகம் என்றால் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.